நீந்தாத ஆமை

ஓகஸ்ட் 4, திங்கள்

ஆமை மூக்கால் தண்ணீர் குடிக்கிறது. தரையில் தேங்கிய கொஞ்சத் தண்ணீரில் மூக்கை வைத்து உறிஞ்சியதை விளக்குமாற்றோடு நின்று பார்த்தேன். மூடிவிட்ட வேறொரு ஹோட்டலில் இருந்து எங்கள் ஹோட்டல் முதலாளி வாங்கியது. நேற்று லொறியிலிருந்து இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது.

சனிக்கிழமை முதலாளிக்கு அறுபது வயது. வலையில் பட்ட ஆமையைக் கடலில் விட்டால் புண்ணியம் என்பார்கள் இங்கே. அதனால் இதையும் துறைமுகத்து நடுவில் விடப்போகிறாராம். யானைக்குட்டியின் கால் போலக் கால், அதில் நகம். துடுப்பு எங்கே? ஒருத்தருக்கும் கண் இல்லையா?

ஓகஸ்ட் 5, செவ்வாய்

மனேஜர் சஞ்சீவன் அண்ணாவிடம் போய் நின்றேன்.

"அண்ணா, இது தரையாமை. நீந்த ஏலாது."

"ஒன்பதாம் ஆண்டோட பள்ளிக்கூடத்தை விட்ட நீ எனக்குப் படிப்பிக்கிறியோ? ஆமையெண்டா நீந்தும் பிள்ளை. போய் வளவைக் கூட்டு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரிச்சனான்? சீ!

ஓகஸ்ட் 6, புதன்

கோவம் வருகுது. வாய்தான் வருகுதில்லை.

ஓகஸ்ட் 7, வியாழன்

குசினியில் சமையல் வேலை செய்யும் நப்லாவின் போனில் வாசித்தோம். இது அல்டாப்ரா தீவு இனம். இருநூறு கிலோவுக்கு மேலும் வளரும். நூறு வயதைத் தாண்டும்.

"அப்ப முதலாளி இதுக்கு முன்னால கைப்பிள்ளைடி," என்றாள் நப்லா.

பல் இல்லை; கூரான வாயால்தான் புல்லைப் பிய்க்கும். ஓடு கழற்றிப் போடும் சட்டை இல்லை. முள்ளந்தண்டும் விலா எலும்பும் அதோடு ஒட்டியே இருக்கின்றன. தொட்டால் அதற்குத் தெரியுமாம். அதன்மேல்தான் சஞ்சீவன் அண்ணா இன்று ஏறி நின்று படம் எடுத்தார்!

தண்ணீரில் மிதக்குமாம். மிதப்பது நீந்துவதா? முன்பு ஒன்று கடலில் அடித்துச் செல்லப்பட்டு ஆபிரிக்காக் கரையில் ஏறியதாம் — உடம்பு வற்றி, காலெல்லாம் கடற்சிப்பி ஒட்டி. அதற்குப் பெயர் புண்ணியமா?

ஓகஸ்ட் 9, சனி



ஆமையைத் தள்ளுவண்டியில் இறங்குதுறைக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் பூமாலை. அது மாலையைத் தின்னத் தொடங்கியிருந்தது. நான் முன்னால் ஓடிப்போய் வள்ளத்துக்குள் குந்திவிட்டேன்.

"இறங்கடி!" சஞ்சீவன் அண்ணா கத்தினார்.

"இறங்க மாட்டன்! அதைப் போட்டா என்னையும் போடுங்கோ! காலைப் பாருங்கோ, காலை! புல்லுத் தின்னுற சீவன் கடலுக்க என்னத்தைத் தின்னும்?"

என் குரலா அது?

வள்ளக்காரர் பஸ்லான் நானா குனிந்து ஆமையின் காலைத் தூக்கிப் பார்த்தார். "முதலாளி, எத்தின ஆமைய வலையிலருந்து எடுத்து உட்டிருக்கன். இது கடலாமை இல்ல. என்ட வள்ளத்துல ஏத்தமாட்டன்."

முதலாளியும் ஆமையின் காலைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். வண்டியையும் திருப்பினார்கள்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

என்னை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. காலையில் சஞ்சீவன் அண்ணா விருந்தாளிகளுக்கு ஆமையைக் காட்டிக்கொண்டிருந்தார். "தரையாமையெண்டு எனக்கு முதலே தெரியும். நான்தான் மறிச்சனான்."

"இல்லை அண்ணா," என்றேன், எல்லோருக்கும் முன்னால். "நான்தான்."

பிறகு ஆமைக்குப் புல் அறுக்கப் போனேன்.