தவக்காலத்துக் கார்

தேங்காய்ப்பட்டணம்
ஜனவரி 20

அன்புள்ள குளோரிக்கு,

ததேயுஸ் எழுதுவது. நானும் ரெஜிலாவும் சுகம். நீயும் அங்கே நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாவும் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இத்துடன் இரண்டு தகர மூடிகள் வைத்திருக்கிறேன், அதற்குத்தான். காருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று நீதான் சொல்ல வேண்டும். படம் எடுத்து அனுப்பினால் போனில் பச்சை நீலமாகத் தெரிகிறது. போன கிறிஸ்துமஸுக்கு நீ போனில் பார்த்து மெரூன் என்று எடுக்கச் சொன்ன சேலை எந்த நிறத்தில் வந்தது என்பதை ரெஜிலா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். அதனால் பால்மாவு டப்பா மூடிகளில் உண்மையான பெயின்டையே அடித்து, நெத்திலிக் கருவாட்டோடு எபிசனிடம் கொடுத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அவன் மஸ்கட் வந்துவிடுவான். வெயிலில் வைத்துப் பார். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்காதே.

கன்னியாகுமரி லாட்ஜ்காரர் தண்ணீர்த் தொட்டிகளை நான் சரிசெய்த கூலிக்குப் பதிலாகத் தந்த கார் என்று உனக்குத் தெரியும். பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, மடக்கிவிடும் துணிக்கூரை, முன்னால் இரண்டு பேர், பின்னால் நெருக்கி இரண்டு பேர். என்ஜின் நன்றாகவே இருக்கிறது. உடம்புதான் போய்விட்டது. இருபது வருடம் லாட்ஜ் முற்றத்தில் கடலைப் பார்த்து நின்றதில் உப்புக்காற்று தின்றுவிட்டது. கதவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. தரையில் நான்கு இடத்தில் ஓட்டை. உட்கார்ந்தபடியே ரோட்டைப் பார்க்கலாம்.

துறைமுகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தோள் விலகிக் கடலை விட்ட பிறகு இந்த ஏழு வருடத்தில் எத்தனை ஃபைபர் வள்ளத்துக்கு ஓட்டை அடைத்திருக்கிறேன்? ஒன்றாவது முங்கியதா? இதுவும் அதே வேலைதானே. துருவைச் சுரண்டிவிட்டு, ஃபைபர் துணியை ரெசினில் நனைத்து மூன்று அடுக்கு ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். இப்போது தடவிப் பார்த்தால் எது இரும்பு, எது ஃபைபர் என்று எனக்கே தெரியவில்லை. நேற்று ரெஜிலாவைக் காருக்குள் ஏறிக் குதிக்கச் சொன்னேன். நான்கு தடவை குதித்தாள், ஒரு சத்தமும் இல்லை.

கல்யாணத்துக்குத் திறந்த கார் தேடி இங்குள்ளவர்கள் நாகர்கோவில் வரை போகிறார்கள். மரியஜான் தன் மகள் கல்யாணத்துக்கு நம் காரைத்தான் வாடகைக்குக் கேட்டிருக்கிறார். பிப்ரவரி பதினாறு. பதினெட்டாம் தேதி சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு ஈஸ்டர் வரை நம் பக்கத்தில் யாருக்கும் கல்யாணம் கிடையாது என்பதால் அதற்குள் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்.

இனி முக்கியமான விஷயம். அடுத்த இரண்டு வருடமும் அங்கேயே வேலை பார்க்க மார்ச் முடிவதற்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றாயே, போடாதே. மேடத்திடம் இப்போதே சொல்லிவிடு. ஆறு வருடம் போதும். ரெஜிலா ஜூனில் காலேஜ் போகப்போகிறாள். அவள் பெரியவளானதையும் நீ போனில்தான் பார்த்தாய். சோறு ஆக்குகிறேன், துணி துவைக்கிறேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் ஜோடி ஜோடியாகப் போகும்போது நான் செருப்பைத் தேடுவது போல நின்றுகொண்டிருக்கிறேன். வந்துவிடு. இனி இந்தக் கார் நம்மைப் பார்த்துக்கொள்ளும்.

நிறத்தைச் சீக்கிரம் சொல்.

மாதா துணை இருக்கட்டும்.

உன்
ததேயுஸ்

*

தேங்காய்ப்பட்டணம்
பிப்ரவரி 27

அன்புள்ள குளோரிக்கு,

ததேயுஸ் எழுதுவது. உடம்புக்கு எங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை, பயப்படாதே. லீவு முடிந்து திரும்பும் ஷிபாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே ஒரு பொட்டலம் இருக்கும். பிரிக்கும்போது கீழே ஒரு பேப்பரை விரித்துக்கொள், துரு உதிரும்.

மரியஜான் மகள் கல்யாணம் நன்றாக முடிந்தது என்று போனில் சொன்னேன். கல்யாணம் நன்றாகத்தான் முடிந்தது. கார்தான் வீடு வரை போகவில்லை. நான் அனுப்பிய படம் கோயில் வாசலில் கிளம்புவதற்கு முன் எடுத்தது.

நீ சொன்ன பச்சையில், மல்லிகைச் சரமும் ரிப்பனும் கட்டி, கார் அவ்வளவு அழகாக இருந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் ஏறினார்கள். முன்னால் பேண்ட் வாசித்துக்கொண்டு போனது. ரேஷன் கடைப் பக்கத்து வேகத்தடையில் ஏறி இறங்கியதும் டொப்பென்று ஒரு சத்தம். பின்னாலிருந்து அந்தப் பெண் மெதுவாக, “மாமா, எனக்க காலு ரோட்டுல படுது” என்றாள். திரும்பிப் பார்த்தால் அவளுடைய ஒரு கால் முட்டு வரை தரைக்குள் போயிருந்தது. மெதுவாகத்தான் ஓட்டினேன், அதனால் உடனே நிறுத்த முடிந்தது. சேலைக் கரை கிழிந்தது, ஒரு செருப்பு போனது, காலில் ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு எந்தப் புனிதருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது என்று தெரியாமல் எல்லோருக்கும் ஏற்றினேன். மிச்சத் தூரத்தை இரண்டு பேரும் நடந்தே போனார்கள், அவள் வெறுங்காலோடு. பேண்ட்காரர்கள் வாசிப்பை நிறுத்தவே இல்லை.

மரியஜான் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. தோளில் கை போட்டு, “ததேயுசே, ஒனக்க வள்ளம் முங்கிப்போச்சுடே” என்று மட்டும் சொன்னார். இப்போது துறைமுகத்தில் எனக்கு ஓட்டைக்கார் ததேயுஸ் என்று பெயர்.

அன்று சாயங்காலம் போன் செய்து உன்னிடம் சொல்லத்தான் இருந்தேன். நீ முந்திக்கொண்டாய். என்னை நம்பி மேடத்திடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாய். சொல்லிவிட்டுச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிறது! கல்யாணம் நன்றாக முடிந்தது என்று மட்டும் சொல்லிவிட்டேன். மறுநாளும் பொய் சொன்னேன், அதற்கடுத்த நாளும். முந்தாநாள் ரெஜிலா சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, “அம்மைட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?” என்று கேட்டாள். போனில் உன் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய்தான் வரும். அதனால் எழுதுகிறேன்.

காரை டெம்போவில் ஏற்றிக் கோட்டாறு முருகதாஸ் பட்டறையில் விட்டிருக்கிறேன். பழைய கார்களுக்கு டிங்கர் வேலை பார்க்கிறவர். சின்னச் சுத்தியலால் காரைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் கணீர் என்றது, என் ஃபைபர் இருந்த இடமெல்லாம் தொப்புத் தொப்பென்றது. “அண்ணே, வள்ளத்துக்குத் தண்ணி வெளியேருந்து வரும். இதுக்கு உள்ளேருந்தாக்கும் வரும்” என்றார். துருவை முழுதாக எடுக்காமல் மேலே மூடியதால் உள்ளே ஈரம் தங்கி, நான் ஒட்டிய பிறகும் அது தின்றுகொண்டே இருந்திருக்கிறது. ஃபைபர் உடையவில்லை, அது பிடித்திருந்த இரும்புதான் இல்லாமல் போனது. எனக்குக் கோபம் வந்தது. ஏழு வருடத் தொழில்காரனுக்கு இவர் பாடம் சொல்வதா என்று அரைமணி நேரம் வாசலில் போய் நின்றேன். பிறகு உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு வெட்டத் தொடங்கினேன்.

பொட்டலத்தில் இருப்பது அப்படி வெட்டிய ஒரு துண்டு. மேலே நீ வெயிலில் வைத்துப் பார்த்து எடுத்த அதே பச்சை. திருப்பிப் பார். அந்தப் பக்கத்தை வைத்துத்தான் உன்னை வேலையை விட்டுவிட்டு வரச் சொன்னேன்.

தவக்காலம் என்பதால் கார் கேட்டு யாரும் வரப்போவதில்லை, அது ஒன்றுதான் நல்லது. தினமும் காலையில் பஸ்ஸில் போகிறேன். பழுத்த தகரத்தை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிறேன். முருகதாஸ் புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடிக்கிறார். கதவுக்கு அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விடவேண்டுமாம். நான் அதையும் ஓட்டை என்று அடைத்து வைத்திருந்தேன். இப்போது கார் முள்ளெடுத்த மீன் மாதிரி கிடக்கிறது. ஈஸ்டருக்குப் பிறகு இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், ஒருவர் வேண்டாம் என்றுவிட்டார். மற்றவர் கார் முடிந்ததும் வந்து பார்க்கிறேன் என்கிறார். இதுதான் நிலைமை. இதற்கு மேல் நான் பூசி மெழுகவில்லை.

மேடத்திடம் மாற்றிச் சொல்ல உனக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. போன கடிதத்தில் போடாதே என்று அதிகாரம் பண்ணினேன். அதை விட்டுவிடு. ரெஜிலாவின் காலேஜையும் இந்தக் காரையும் என் தோளையும் நினைத்துப் பார்த்து, நீயே முடிவு செய். போடுவதென்றால் போடு, நான் முகம் சுளிக்கமாட்டேன். நீ வேண்டும் என்பது எனக்கு மாறவில்லை. கார் ஓடினாலும் வேண்டும், ஓடாவிட்டாலும் வேண்டும். ஆனால் அதற்காக உன்னை ஏமாற்றிக் கூட்டிவர மனம் ஒப்பவில்லை.

ஈஸ்டருக்குள் பிரைமர் என்கிற அடிப்பூச்சு வரை முடித்துவிடலாம் என்கிறார் முருகதாஸ். அதன்மேல் பச்சையை நான் அடிக்கப்போவதில்லை. புது டப்பாவைத் திறக்காமல் நம் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீ வந்து, அவருடைய சுத்தியலை வாங்கி, காரைச் சுற்றித் தட்டிப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் அது. இரண்டு வருடம் ஆனாலும் அப்படித்தான்.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். மருந்து மாத்திரையை மறக்காதே.

வெறும் பிரைமர் தண்ணீர் குடிக்குமாம். கடற்கரைக் காற்றில் ஜூன் மழை வரைதான் தாங்கும் என்கிறார் முருகதாஸ். உன்னை அவசரப்படுத்த இதைச் சொல்லவில்லை. அவர் சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான்.

உன்
ததேயுஸ்