பீர் திருவிழாவுக்கு என்ன எடுத்துவர என்று கேட்டாயே

டோர்ஃபன் அருகே,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு.

அன்புள்ள க்விரின்,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம், மூன்று வேளை சாப்பிடுகிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுத இந்த வாரம் எனக்குக் கை வரவில்லை. நீ அங்கே கால்கரியில் உடம்பும் மனசும் கெடாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் காலையும் மாலையும் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். பிளம்ஸ் மரம் இந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது, குளவித் தொல்லை தாங்கவில்லை, பாதி பழம் கீழே விழுந்து அழுகுகிறது, பறிக்க எனக்கு மனசில்லை. அப்பாவுக்கு குடலிறக்கத் தையல் ஆறிவிட்டது, ஆனாலும் கனமானதைத் தூக்காதீர்கள் என்றால் கேட்பதில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. செப்டம்பர் கடைசியில் உன் கம்பெனி வாடிக்கையாளர்கள் எட்டுப் பேரை முனிச்சுக்குக் கூட்டிவருகிறது, நீ பவேரியாக்காரன் என்பதால் வீஸன் திடலில் நடக்கும் பீர் திருவிழாவில் அவர்களோடு மேசையில் உட்கார வேண்டியது நீதான், தோல் கால்சட்டையை பார்சலில் அனுப்பு, மற்றபடி பெட்டியில் என்னென்ன வைக்கலாம் என்று எழுது, இவ்வளவுதான் எழுதியிருந்தாய். ஏதோ பள்ளிச் சுற்றுலா போகிற பிள்ளை கேட்பதுபோலக் கேட்டிருக்கிறாய். உன் மேலாளர் எல்லோருக்கும் அனுப்பிய குறிப்பில் 'எவ்வளவு குடித்தாலும் தாங்குகிற நல்ல ஈரல் ஒன்றும் மறக்காமல் கொண்டு வரவும்' என்று வேடிக்கையாகப் போட்டிருந்தாராமே, அதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பதினான்கு மாதமாக ஒரு சொட்டு தொடாதவன் நீ. வியாழக்கிழமை தோறும் அந்தச் சர்ச்சின் நிலவறையில் குடியை விட்ட மற்றவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு வாரமாகச் சேர்த்த பதினான்கு மாதம் அது. ஆறாயிரம் பேர் மேசை மேல் ஏறி நின்று பாடுகிற கூடாரத்துக்குள் அதைத் தூக்கிக்கொண்டு எப்படி வருவாய்?

ஒரு உண்மையைச் சொல்கிறேன், திட்டாதே. அந்தத் தோல் கால்சட்டையை மூன்று நாள் மாவு டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். கால்சட்டை இல்லாவிட்டால் நீ வரமாட்டாய் என்பதுபோல. உன் அப்பா வீடு முழுக்கத் தேடினார். அவருக்கு மகன் வருகிறான் என்ற சந்தோஷம், வேறெதுவும் கண்ணில் படவில்லை. "ஒரு குவளையில என்னடி ஆகிடும்? அவன் என்ன கண்ணாடிப் பொம்மையா? ஊரே குடிக்குது, இவன் மட்டும் எலுமிச்சைத் தண்ணியா குடிப்பான்?" என்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் மேல் கத்தினேன், இனி ஒரு தடவை அப்படிச் சொன்னால் நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்று கத்தினேன். கோழியெல்லாம் ஓடிப்போயிற்று.

புதன்கிழமை சென்ஸி சித்தியைக் கூப்பிட்டேன். பதினொன்றாவது வருஷமாக அந்தத் திருவிழாக் கூடாரத்தில் பரிமாறுகிறவள், அவளுக்குத் தெரியாத தந்திரமா என்று நினைத்தேன். போதையில்லாத பீரும் அதே குவளையில்தான் வரும், அதே நுரைதான், யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று அவள் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நிமிஷமே அந்த மூச்சையும் பிடுங்கிவிட்டாள். "ஆனா கேளு வால்புர்கா, ரெண்டாவது பாட்டு வந்துச்சுன்னா எவன் குவளை எவன் கையில இருக்குன்னு கடவுளுக்கே தெரியாது. பக்கத்துல இருக்கறவன் அன்பா அவனோடதை நீட்டுவான். நான் ரெண்டு கையில பத்து குவளை தூக்குவேன், உன் புள்ளையையும் சேர்த்துத் தூக்க முடியுமா?" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

அதற்கப்புறம்தான் ஆஃப்ராவிடம் போனேன். உன் தங்கை நாலு வருஷமாக உன் பெயரைச் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். நான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் 'அவளும் உன்னை விசாரித்தாள்' என்று எழுதியதெல்லாம் பொய், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ரொட்டிக்கடையில் வலது கையால் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள், இடது கையில் அந்த இரண்டு விரலும் இன்னும் மடங்குவதில்லை. கூட யாராவது உட்கார்ந்தால் அவன் குடிக்காமல் இருப்பான், நீ ஒருநாள் லீவு போட்டு அவன் பக்கத்தில் இருக்கிறாயா என்று கேட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போன தடவை அவன் பக்கத்துல உட்கார்ந்துதானே வந்தேன்மா? அதான் கை இப்படி இருக்கு. குடிச்சுட்டு சாவியைத் திருகினது அவன். அவன் பேரை என் கடையில எடுக்காதே" என்றாள்.

க்விரின், அந்த இடத்தில் என்னால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அப்பாவின் அறுபதாம் பிறந்தநாள் மத்தியானம் நீயும் அவளும் ரயிலில் வந்து இறங்கி, உன் வண்டி நின்ற ரயிலடியிலிருந்து நீ எனக்குப் போன் செய்ததைச் சொன்னேன். அவள் அங்கே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாளே, அவளுக்கு எப்படித் தெரியும்? 'அம்மா, நான் மூணு குவளை போட்டிருக்கேன், வண்டி எடுக்க மாட்டேன், டாக்ஸியும் இல்ல, யாரையாவது அனுப்பு' என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அதற்கு நான் சொன்னதையும் சொன்னேன். 'முப்பது பேரை மேசையில உட்கார வச்சிருக்கேன், கறி ஆறுது, உங்க அப்பா வாசலையே பார்த்துட்டு இருக்கார். பதினோரு கிலோமீட்டர்டா, அந்த ரோட்டுல மாட்டைத் தவிர யார் இருக்கா? பேசாம வண்டியை எடுத்துட்டு வா.' நீ இரண்டாவது தடவையும் முடியாது என்றாய். நான் 'அம்மா சொல்றேன் இல்ல' என்றேன். அரை மணியில் வண்டி பாலத்துச் சுவரில் கிடந்தது.

போலீஸ் கேட்டபோது 'முடிவு என்னோடதுதான்' என்று சொன்னாய். நீதிமன்றத்திலும் அதையே சொன்னாய், நான் இரண்டாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தால் நான் உடைந்துவிடுவேன் என்றுதானே? அப்புறம் கனடாவுக்குப் போனாய், அங்கே இரண்டு வருஷம் வேலை போகிற அளவுக்குக் குடித்தாய், இங்கே எல்லோரும் 'அவன் அப்படித்தான்' என்றார்கள், நானும் தலையாட்டினேன். பெற்ற பிள்ளை தலையில் பாரத்தை ஏற்றிவிட்டு சும்மா நின்றவள் நான். என்னை எந்தச் சாமி மன்னிக்கும் என்று தெரியவில்லை.

இதைக் கேட்ட ஆஃப்ரா பதினோரு மணிக்கே கடைக் கதவைச் சாத்தினாள், என்னை வெளியே விட்டுத்தான் சாத்தினாள். அன்று சாப்பாட்டு மேசையில் அப்பாவிடமும் சொன்னேன். கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனவர் இன்றுவரை என்னிடம் பேசவில்லை, பட்டறையில் போய் ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் ஒன்று, நேற்று அவரே உன் காலணிக்கு எண்ணெய் போட்டு ஜன்னலில் வைத்திருந்தார்.

நேற்று ஆஃப்ரா வந்தாள். உட்காரவில்லை. அவன் கடிதத்தைக் கொடு என்று கேட்டு நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். "அவனை நான் மன்னிக்கலம்மா, முடியாதுன்னு சொன்னவன் முடியாதுன்னே இருந்திருக்கணும். உன்னையும் மன்னிக்கல, அதுக்கு ரொம்ப நாள் ஆகும். ஆனா நாலு வருஷமா இதை அவன் ஒருத்தனே சுமந்திருக்கான், அந்த முட்டாள்" என்று சொல்லிவிட்டுப் பெருங்குரலில் அழுதாள். அப்பா பட்டறையிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

வராதே என்றுதான் சொல்வேன், க்விரின். உனக்கு உடம்பு சரியில்லை என்று மேலாளரிடம் பொய் சொல், உண்மையைச் சொன்னால் இன்னும் நல்லது. வந்தே தீரவேண்டும் என்றால் கேள். கால்சட்டை இந்தப் பார்சலில் இருக்கிறது, துவைக்காதே, பிரஷ்ஷால் தட்டினால் போதும். கம்பளிச் சட்டை ஒன்று வை, சாயங்காலம் குளிரும். காலணியும் பார்சலிலேயே இருக்கிறது, அதைத்தான் போடு, தரையெல்லாம் உடைந்த கண்ணாடியாக இருக்கும். பெரிய பையை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், சட்டைப்பையில் அடங்குவது மட்டும் போதும். ஓட்டல் விலாசத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொள். உங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் யாரிடம் நம்பிக்கையாகப் பேசுவாயோ அவர் எண்ணையும் வை, இங்கே சாயங்காலம் என்றால் அங்கே காலைதான், எடுப்பார். வெறும் வயிற்றில் உள்ளே போகாதே, முதலில் அரைக் கோழி வாங்கிச் சாப்பிடு. சென்ஸி எந்த மேசை என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள்.

மீதியை ஆஃப்ராவே சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் நான் சேர்க்கவில்லை. "திடலுக்கு மேல பவேரியா சிலை இருக்குல்ல, அது காலடியில மத்தியானம் பன்னெண்டு மணியிலேருந்து கூடாரம் மூடுற வரைக்கும் நிப்பேன். பத்து நிமிஷத்துல ஓடி வந்தாலும் சரி, கடைசி வரைக்கும் உட்கார்ந்துட்டு வந்தாலும் சரி. குடிக்காம வந்தாலும் கூட்டிட்டுப் போவேன், குடிச்சுட்டு வந்தாலும் கூட்டிட்டுப் போவேன். ரயில்லதான் போவோம். என்னைத் தேடி வரணும்னு மட்டும் அண்ணன்கிட்ட எழுது."

அண்ணன் என்றுதான் சொன்னாள்.

மாதா உன் கூடவே இருக்கட்டும், உன் வாயையும் கையையும் காலையும் காக்கட்டும். வருகிறாயா இல்லையா என்று உடனே ஒரு வரி எழுது, கோபமாக எழுதினாலும் பரவாயில்லை, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்,
அம்மா
வால்புர்கா