பம்ப் ஹவுஸ் சந்தின் தண்ணீர்ப் பட்டியலைத் தெருவில் வாசிக்கக் கோரி

அனுப்புநர்:
பத்தாம் வகுப்பு மாணவி
(பெயரும் வீட்டு எண்ணும் மனுவின் கடைசியில்),
பம்ப் ஹவுஸ் சந்து, ஒக்கலிபுரம்,
பெங்களூர்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள் (அவர் மட்டும் பிரிக்கவும்),
நகர அடிப்படை வசதிகள் கணக்கெடுப்பு இயக்ககம்,
பெங்களூர்.

பொருள்: எங்கள் சந்தின் கணக்கெடுப்பில் நேர்ந்த தவறு, அந்தப் பட்டியலை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய இயக்குநர் ஐயா அவர்களுக்கு,

1. தமிழில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். நான் படிப்பது கன்னடப் பள்ளி. கன்னடத்தில் இதைவிட நன்றாக எழுதுவேன். ஆனால் என் கன்னடக் கையெழுத்து தங்கள் அலுவலகத்திலேயே நாற்பத்தாறு தாள்களில் இருக்கிறது. யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கடைசிப் பக்கம் வரை போகாமலே நான் யாரென்று தெரிந்துவிடும். இதைத் தமிழ் தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கள் வார்டு அலுவலகத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டாம்.

2. கடந்த ஆகஸ்டு மாதம் எங்கள் வகுப்பாசிரியை மமதா டீச்சர் எங்கள் சந்துக்குக் கணக்கெடுக்க வந்தார். அவர் தார்வாடிலிருந்து இந்த வருடம்தான் மாற்றலாகி வந்தவர், தமிழ் தெரியாது. சந்து முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டுக்காரராக அழைத்துக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு கையெழுத்து நன்றாக உள்ள மாணவி என்று என்னை மாலையில் பள்ளியில் இருக்கச் சொல்லி, அந்த நோட்டைப் பார்த்துப் படிவங்களை நிரப்பச் சொன்னார். தண்ணீர்க் குழாய் வீட்டிலேயே இருந்தால் 1, தெருவில் இருந்தால் 2, எதுவும் இல்லையென்றால் 3. நாற்பத்தாறு வீட்டுக்கும் 1 என்று எழுதினேன்.

3. எங்கள் சந்தில் ஒரு வீட்டிலும் குழாய் கிடையாது. எழுதும்போதே எனக்கு அது தெரியும். இனிமேல் போடப்போகும் குழாயைக் குறிக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன். டீச்சரைக் கேட்கப் பயமாக இருந்தது. அது என் குற்றம்.

4. தவறு எப்படி நடந்தது என்று பின்னால்தான் விளங்கியது. டீச்சர் கன்னடத்தில் "நல்லி எல்லி?" என்று கேட்டிருக்கிறார். குழாய் எங்கே என்று பொருள். எங்கள் சந்துப் பெண்கள் பெரும்பாலும் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கேள்வி புரியும், பதில் தமிழில்தான் வரும். "இல்லே டீச்சர்" என்றிருக்கிறார்கள். கன்னடத்தில் 'இல்லே' என்றால் 'இங்கேயே' என்று அர்த்தம். சண்முகம் மாமா அழுத்திச் சொல்வதாக நினைத்து, "இல்லே, இல்லே" என்று இரண்டு தடவை சொன்னாராம். டீச்சர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாராம். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் அந்த நோட்டை ஒரு முறை உரக்கப் படித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

5. அக்டோபர் முதல் வாரத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்த தண்ணீர் லாரி நின்றுவிட்டது. ஓட்டுநர் மதலைமுத்து அண்ணனை எங்கள் சந்துப் பெண்கள் பெரிய சாலையில் மறித்துக் கேட்டதற்கு, "லிஸ்ட்ல உங்களுக்கு வீட்டுக்கு வீடு நல்லி இருக்குதே, எங்கேக்கா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்றார். அன்று முதல் எல்லோரும் விடியுமுன் தண்டவாளத்தைத் தாண்டி ரயில்வே குடியிருப்புக் குழாய்க்குப் போகிறார்கள். அந்த மாதம் ஒன்பதாம் தேதி லட்சுமம்மா அக்கா குடத்தோடு ஜல்லியில் சறுக்கி விழுந்து கை முறிந்தது. ரயில் வர இன்னும் சில நிமிடங்கள் இருந்ததால் அதோடு போயிற்று. மறுநாள் அதே இடத்தில் என் அம்மா தண்டவாளத்தைக் கடந்தார்.

6. பட்டியலைக் காட்டச் சொல்லி நான்கு பெண்கள் வார்டு அலுவலகம் போனார்கள். அங்கிருக்கும் எழுத்தர் நாணு, "அது சர்க்கார் ரகசியம்மா, கண்டவங்களுக்கெல்லாம் காட்ட முடியுமா?" என்று அனுப்பிவிட்டார். ஆனால் அதே வாரம், தனியார் தண்ணீர் லாரி வைத்திருக்கும் மஞ்சுநாத் எங்கள் சந்துக்கு வந்தார். கையில் மடித்த தாள். "உங்க வீட்ல ஆறு பேரு, உங்களுக்கு நாலு குடம் பத்தாதே" என்று வீடு வீடாகச் சொன்னார். எண்ணிக்கை ஒரு வீட்டில்கூடத் தப்பவில்லை. எங்களைப் பற்றிய கணக்கு எங்களுக்கு ரகசியம். அவருக்கு எப்படிக் கிடைத்தது? 'இல்லே' தவறிப்போனது மொழியால் என்று நம்புகிறேன். அது திருத்தப்படாமல் இருப்பதும் மொழியால்தான் என்று நம்ப முடியவில்லை.

7. போன வெள்ளிக்கிழமை டீச்சர் என்னைத் தனியாக அழைத்து, படிவங்களைப் பற்றி வெளியே யாரிடமாவது பேசினாயா என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டில் அம்மாவிடம் மட்டும்தான் பேசியிருந்தேன். யார் டீச்சருக்குச் சொன்னது என்று தெரியவில்லை. அம்மாவோ, "நமக்கெதுக்குடி வம்பு, பரீட்சை எழுதி முடி" என்கிறார். அதனால் அவர் தூங்கியபின் எழுதுகிறேன்; எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பக்கத்துத் தபால் பெட்டியில் போடாமல் ரயில் நிலையப் பெட்டியில் போடுவேன்.

8. தெருக்குழாய் எந்தெந்தத் தெருவுக்கு என்று இம்மாதம் முப்பதாம் தேதி முடிவு செய்யப்போவதாக வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். அப்படியே விட்டால் எங்களுக்குக் குழாயும் வராது, லாரியும் வராது. ஆகவே அதற்கு முன்:

பட்டியலைச் சந்திலேயே கன்னடத்திலும் தமிழிலும் உரக்க வாசிக்கச் செய்யுங்கள். வீட்டு எண்ணும் வசதிகளும் போதும். பெயரும் ஆள் எண்ணிக்கையும் வேண்டாம். அவை ஏற்கெனவே போகக் கூடாத இடத்துக்குப் போயிருக்கின்றன. பிறகு அதைச் சுவரில் ஒட்டி, தவறென்று சொல்பவரின் வீட்டுக்குள் ஆளை அனுப்பிப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். அந்தத் தாள் மஞ்சுநாத் கைக்கு வந்த வழியையும் விசாரியுங்கள். மமதா டீச்சரைத் தண்டிக்க வேண்டாம். அவர் காதில் விழுந்ததைத்தான் எழுதினார்.

9. பதில் கடிதம் அனுப்ப வேண்டாம். யார் பிரிப்பார்கள் என்று தெரியாது.

10. பெயரில்லாத மனுக்கள் ஏற்கப்படா என்று தங்கள் அலுவலக வாசலில் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது உண்மையா, எங்களைப் போன்றவர்களை நிறுத்துவதற்காகச் சொல்வதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கீழே பெயர் எழுதுகிறேன். திருத்தத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், 31ஆம் எண் வீட்டிலிருந்து தொடங்குங்கள். 1 என்று இருப்பது தவறு. 3 என்று இருக்க வேண்டும். அது எங்கள் வீடு.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து,

சி. பிரபா
(ஜெயலட்சுமியின் மகள்)
வீட்டு எண் 31

இடம்: ஒக்கலிபுரம், பெங்களூர்
நாள்: 14.11.2001