இல்லாத காய்ச்சல்

2024 ஜனவரி 14, ஞாயிறு

நாற்பத்திரண்டு வயதில் மறுபடி வகுப்பில் உட்கார்ந்தால் முதலில் முதுகுதான் வலிக்கிறது. ஆஸ்பத்திரி வாட்டில் நின்றே பழகிய உடம்பு. கண்டி கெம்பஸில் முதுமாணிப் பட்ட வகுப்பு தொடங்கி இது மூன்றாவது கிழமை. சனியும் ஞாயிறும் வகுப்பு, மற்ற நாட்களில் வழமையான டியூட்டி. நானும் ரூபினியும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருகிறோம். தாதியர் கல்லூரியில் ஒரே பெட்ச், இப்போது ஒரே வாட். இருபது வருடம். அவளைச் சிவரூபினி என்று முழுதாகக் கூப்பிடுவது அவளுடைய அம்மா மட்டும்தான். எனக்கு அவள் ரூபி, அவளுக்கு நான் வெறும் பஸ்லா.

இன்று விரிவுரையாளர் மெடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியும். தமிழில் தெரியும், சிங்களத்திலும் தெரியும். ஆங்கிலத்தில் வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் ரூபினி எழுந்து சொல்லிவிட்டாள். பிழையான ஆங்கிலம். ஆனாலும் சொன்னாள். மெடம் "குட்" என்றார்.

அந்த ஒரு சொல் திரும்பும் பஸ் அக்குறணை தாண்டும்வரை காதிலேயே கிடந்தது.

பெப்ரவரி 10, சனி

ஆய்வுத் தலைப்பு கொடுத்தோம். என்னுடையது தாதியரின் கை கழுவும் பழக்கம். "இது நிறையப் பேர் செய்தது" என்றார் மெடம். ரூபினியுடையது, வில்கமுவ பக்கத்துச் சிறுநீரக நோயாளர்கள் ஏன் கிளினிக் திகதியைத் தவறவிடுகிறார்கள் என்பது. மெடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

அது என்னுடைய கேள்வி. போன வருடம் டீ குடிக்கும்போது நான்தான் சொன்னேன், "வில்கமுவ ஆக்கள் திகதிக்கு வாறதே இல்ல, ஏன்னு யாராவது கேட்டாங்களா" என்று. பஸ்ஸில் இதைக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன். அதற்குள் அவளே சொன்னாள்: "நீ அன்னைக்குச் சொன்னதுதான், பஸ்லா. அதுக்கப்புறம் அது என் மண்டைய விட்டுப் போகவே இல்ல."

இப்படிச் சொல்லிவிட்டால் கோபப்படவும் வழியில்லை.

பெப்ரவரி 11, ஞாயிறு

நான் அதைக் கேள்வியாகவா கேட்டேன்? முறைப்பாடாகத்தானே சொன்னேன்?

மார்ச் 18, திங்கள்

நோன்பு ஏழு. ரூபினி லீவு போட்டு வில்கமுவ போய்விட்டு வந்திருக்கிறாள். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு, யாரோ ஒருவரின் ட்ரக்டரில் ஏறி, பதினொரு வீட்டுக்குப் போயிருக்கிறாள். முகமெல்லாம் வெயிலில் கருத்திருந்தது. ஊசி மருந்து கலந்துகொண்டே சொன்னாள்: "ஒரு ஐயா கிளினிக்குக்கு முதல் நாளே வந்து இங்க மச்சான் வீட்டுல தங்குவாராம். மச்சான் செத்துட்டாரு. இப்ப தங்க இடமில்ல. அதான் வாறதில்ல. அவ்வளவுதான் விஷயம்."

அந்த மனிதரை எனக்குத் தெரியும். திகதிக்கு வரவில்லை என்று எல்லாருக்கும் முன்னால் நான் ஏசியிருக்கிறேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இவள் கேட்டிருக்கிறாள்.

நோன்போடு பொறாமைப்படக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே பட்டேன்.

ஏப்ரல் 27, சனி

இன்றும் "குட்". இன்றும் அவளுக்கு.

ஜூன் 3, திங்கள்

என்னுடைய ஆய்வுத் திட்டத்தைக் கெம்பஸில் மூன்று பேர் கொண்ட குழு முன்னால் வைத்தேன். எனக்குப் பதிலாக ரூபினி டியூட்டி பார்த்தாள். பேசத் தொடங்கியதும் குரல் போய்விட்டது. திரையில் இருந்ததைப் பார்த்து வாசித்தேன், வாசித்ததையே மறுபடி வாசித்தேன். இரண்டு கிழமைக்குள் திருத்தித் தரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்டார். சொன்னேன். "திருத்தச் சொன்னா திருத்திக் குடு. பெயில்னு சொல்லலியே" என்றுவிட்டுக் கடைக்குப் போனார். யஹ்யாவுக்கு எல்லாம் இரண்டு வசனத்தில் முடிந்துவிடும்.

நாளை மறுநாள் ரூபினியின் முறை. அவளுடைய காலை டியூட்டியை நான் பார்க்க வேண்டும். அவள் நன்றாகச் செய்வாள். அதுதான்.

ஜூன் 5, புதன்

எழுதத்தான் வேண்டும்.

காலை ஆறேகாலுக்கு வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டருக்குப் போன் பண்ணிச் சிங்களத்தில் சொன்னேன் - காய்ச்சல், வாந்தி, எழும்ப முடியவில்லை. சொல்லும்போது யூனிபோர்மோடு நின்றுகொண்டிருந்தேன்.

வாட்டில் வேறு ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். இந்த வருடம் இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள், பதிலுக்கு யாரும் வரவில்லை. டெங்குக் காய்ச்சல்காரர்கள் தரையில்கூடப் படுத்திருக்கிறார்கள். தெரிந்துதான் போன் பண்ணினேன். ரூபினி சாரி உடுத்து பஸ் ஸ்டாண்டில் நின்றாளாம். சிஸ்டர் அங்கிருந்து திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார்.

ஏழே முக்காலுக்கு அவள் போன். "காய்ச்சல் எவ்வளவு?"

"நூத்தியொண்ணு."

"பனடோல் போட்டுட்டுப் படு. இங்க நான் பாத்துக்குறேன்."

பத்து மணிக்கு அவள் பேச வேண்டியது. பத்தாகும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. இங்கேயாவது பொய் எழுதக் கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினொரு மணிக்கு அது இல்லை. என்ன செஞ்சிட்டேன் நான். யா அல்லாஹ், என்ன செஞ்சிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

ரூபினி வீடு தேடி அலுவிகாரைக்கு வந்தாள், இரண்டு தெம்பிலி இளநீரோடு. கெம்பஸில் டிசம்பரில்தான் அடுத்த முறை என்று சொல்லிவிட்டார்களாம். ஆறு மாதம். "விடு, காய்ச்சல் நம்மளக் கேட்டா வருது" என்றாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மகள் மபாஸா கதவருகில் நின்றாள். நேற்று முழுக்க நான் காய்ச்சல் இல்லாமல் வீட்டில் நடமாடியதைப் பார்த்தவள். "இப்பதான் ஆன்ட்டி உம்மாக்குக் காய்ச்சல் விட்டிச்சி" என்றாள். நான் அவளைச் சொல்லச் சொல்லவில்லை.

ரூபினி போன பிறகு மபாஸா தெம்பிலி இரண்டையும் எடுத்து ஒரு மூலையில் வைத்துவிட்டுப் படிக்கப் போனாள்.

ஜூன் 15, சனி

பஸ்ஸில் என் திருத்தங்களை ரூபினி மடியில் வைத்து ஆங்கிலத்தைச் சரிபார்த்தாள். கண்டி வரைக்கும் தலை நிமிரவில்லை.

ஜூன் 20, வியாழன்

என்னுடையது ஏற்றுக்கொள்ளப்பட்டது. வாட்டில் எல்லாருக்கும் அவள்தான் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். நான் என்னுடையதைத் தின்னாமல் கடதாசியில் சுற்றி வைத்தேன்.

ஜூன் 29, சனி

சொல்லிவிட்டேன்.

அக்குறணையில் வாகன நெரிசலில் பஸ் நின்றது. அவள் ஜன்னல் பக்கம். முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டே, "ரூபி, அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்ல" என்றேன்.

"என்னைக்கு?"

"அஞ்சாம் திகதி. எனக்கு ஒண்ணுமே இருக்கல. நீ போகக் கூடாதுன்னுதான் வராம இருந்தேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பஸ் கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது.

"நான் எவ்வளவுன்னு கேட்டேன்" என்றாள். "நூத்தியொண்ணுன்னு சொன்னே."

"ஓம்."

"இலக்கம் வேற சொன்னே."

கட்டுகஸ்தோட்டை தாண்டும்போது மன்னிப்புக் கேட்டேன். பொறாமை என்ற சொல்லையும் சொன்னேன், முழுதாக. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டியில் நான் எழும்பி வழி விட்டேன்.

"நீங்க முன்னால எறங்குங்க" என்றாள்.

நீங்க.

ஜூலை 8, திங்கள்

"பஸ்லா மிஸ், மூணாம் கட்டிலுக்கு சேலைன் மாத்தணும்." மரியாதையாகச் சொல்கிறாள். சிஸ்டரிடம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 27, சனி

அவள் இப்போது முந்திய பஸ்ஸில் போகிறாள்.

செப்டம்பர் 28, சனி

என் ஆய்வுக்கான தகவல்களை எடுத்து முடித்தேன். மெடம் இன்று எனக்கு "குட்" என்றார். திரும்பிப் பார்த்தேன். அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 25, திங்கள்

டிசம்பர் நான்காம் திகதி ரூபினியின் நாள். எனக்கு அன்று ஓய்வு. சிஸ்டரிடம் போய், அவளுடைய டியூட்டியை நான் பார்க்கிறேன் என்று சொன்னேன். சிஸ்டர் பட்டியலைப் பார்த்தார். நிதுஷன் ஏற்கெனவே மாற்றிக்கொண்டு விட்டாராம். நிதுஷன் போன மாதம் இடமாற்றத்தில் வந்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவரிடம் கேட்டிருக்கிறாள்.

"அப்ப நானும் வாறேன், ஆள் குறையத்தானே" என்றேன். சிஸ்டருக்கு அதில் ஆட்சேபனை இல்லை.

டிசம்பர் 4, புதன்

ஆறே முக்காலுக்கே வாட்டுக்குப் போனேன். நிதுஷன் எனக்கு முன்னால் வந்திருந்தார். யாராவது போன் பண்ணி வர முடியாது என்று சொல்வார்களோ என்று ஏழு மணி வரை வாட் போனுக்குப் பக்கத்திலேயே நின்றேன். யாரும் பண்ணவில்லை. பத்து மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். அவளுக்காக ஓதினேன்.

பன்னிரண்டே காலுக்கு நிதுஷனின் போனில் செய்தி வந்தது. மருந்து வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "மிஸ், ரூபினி மிஸ்ஸோடது சரியாம். ஒரு திருத்தமும் இல்லியாம்."

போனை என்னிடம் நீட்டினார். அவள் சந்தோஷத்தில் எழுதினால் எழுத்தெல்லாம் தப்பும். இதிலும் தப்பியிருந்தது. இருபது வருடமாக இப்படியான செய்தி என் போனுக்குத்தான் முதலில் வரும். இன்று அவள் மேல் எனக்குப் பொறாமை துளியும் இல்லை. இந்த மனிதர் மேல் இருந்தது.

"வாழ்த்துன்னு போடுறேன்" என்றார் நிதுஷன். "உங்க பேரையும் சேர்க்கவா, மிஸ்?"

போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"வாட்டுல எல்லாரும்னு போடுங்க" என்றேன்.