செல்விக்கென்று ஒரு தாள்

என் கோபக்காரி கஸ்தூரிக்கு,

நன்றாக இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைக் கேட்கும்வரை உனக்குப் பொறுக்காது. அம்பத்தூர் மண்ணூர்பேட்டையில் அதே வீடுதான். நம் செல்விக்குப் பதினைந்து முடிந்துவிட்டது, உன் உயரத்தைத் தாண்டிவிட்டாள். பேச்சு மட்டும் இன்னும் சின்னப் பிள்ளைபோல இரண்டிரண்டு வார்த்தைதான்.

நேற்று அவளுடைய சிறப்புப் பள்ளியில் புதிய திட்டம் போடும் கூட்டம். ஹெலன் டீச்சர் தாளை எடுத்து வைத்ததும் நம் முதல் கூட்டம் நினைவுக்கு வந்துவிட்டது.

ஞாபகம் இருக்கிறதா? செல்வி பெரியவளாகி மூன்று மாதம். மற்றப் பள்ளிக்கூடங்களில் வகுப்புக்கே ஒரு பாடம், இங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். இப்போது அவளுக்கு எது வரும், மூன்று மாதத்தில் எது வரவேண்டும், யார் எப்படி உதவுவது என்று அதில் எழுதுவார்கள். "நீங்க ரெண்டு பேரும் என்ன எதிர்பார்க்கறீங்க?" என்றார் டீச்சர். நான் முந்திக்கொண்டு, கையெழுத்து என்றேன். என் அப்பா கூலி வேலையில் கைநாட்டு வைத்தே காலத்தை ஓட்டியவர். என் பெண்ணும் மையில் விரலைத் தோய்க்கக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி.

நீ ஒரே போடாகப் போட்டாய். "தூரம் வந்தா நாப்கின அவளே மாத்திக்கணும் டீச்சர். அதான் வோணும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "இத்தக் கத்துக்கவா இஸ்கூலுக்கு அனுப்புறோம்?" என்றேன்.

"கையெழுத்துப் போட்டுகினு இன்னா, கலெக்டர் ஆபீசுக்கா போவப்போறா? நாளிக்கு நான் இல்லாங்காட்டி இத்த யார் செய்வா, நீயா?"

அன்றைக்கே உனக்குத் தெரியுமா, கஸ்தூரி? மார்பில் இருந்த கட்டியை எத்தனை மாதம் என்னிடம் மறைத்தாய்?

டீச்சர் அந்த வேலையை எட்டுப் படியாகப் பிரித்தார். அதுவரை எனக்குப் புரிந்தது. எங்கள் கம்பெனியிலும் முதலில் எது, பிறகு எது என்று மெஷின் பக்கத்தில் தாள் ஒட்டியிருக்கும். ஆனால் கடைசிப் படியை முதலில் சொல்லிக்கொடுங்கள் என்றாரே, அங்கேதான் தகராறு. ஏழு படிகளை நீ செய்துவிட்டு, பழையதைப் பேப்பரில் சுற்றிப் போட்டுக் கை கழுவுவதை மட்டும் செல்வியிடம் விடவேண்டுமாம். "பேக்கிங் முடிச்சிட்டு அப்பாலயா லேத்துல கடைசல் புடிக்கிறது?" என்று கிண்டல் செய்தேன். "ஒவ்வொரு தடவையும் நானே முடிச்சேன்னு அவளுக்குச் சந்தோஷம் கிடைக்கும் சார்" என்றார் டீச்சர். நீ கேட்டுக்கொண்டாய். எட்டு, ஏழு, ஆறு என்று பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அவளிடம் ஒப்படைத்தாய்.

நீ போனபோது அந்தத் தாளில் டிக் விழாமல் இருந்தது ஒன்றே ஒன்று. முதல் படி. கறையைப் பார்த்ததும், யாரும் சொல்லாமல், தானே பீரோவிலிருந்து நாப்கினை எடுப்பது. சொன்னால்தான் கிளம்புவாள். சொல்ல நான் மட்டும்தான் மிச்சம்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் மாதம் என் வாய் திறக்கவில்லை. பாவாடைக் கறையோடு அவள் வாசல்வரை போய்விட்டாள். மறுநாளே டீச்சரிடம் ஓடினேன். "ஒரே வார்த்தை சொல்லுங்க, 'செல்வி, பீரோ.' அது பழகினதும் கையை மட்டும் காட்டுங்க. அப்புறம் சும்மா பார்த்தாலே போதும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு நாக்கு வறண்டுபோனது, போ. ஆனாலும் சொன்னேன். மாதக்கணக்கில் சொன்னேன், காட்டினேன், பார்த்தேன்.

போன வாரம் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். செல்வி டிவியை விட்டு எழுந்தாள். பாவாடையைப் பார்த்தாள். நேரே பீரோவுக்குப் போனாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே போக, "நீ போப்பா" என்று என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். பெற்ற பெண் கதவைச் சாத்தியதற்கு இப்படி ஆனந்தப்பட்ட அப்பன் அம்பத்தூரில் வேறு யார் இருப்பான்?

நேற்று டீச்சர் அந்த டிக்கைப் போட்டார். அடுத்தது என்ன என்று நான் வாயைத் திறக்குமுன் செல்வி பக்கம் திரும்பி, "நீ சொல்லு, உனக்கு என்ன கத்துக்கணும்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளில் நீயோ நானோ அவளை ஒரு தடவையாவது கேட்டோமா?

மேஜையைத் தடவினாள். அப்புறம், "கடைக்குப் போவணும். நானு. அப்பா வாணாம்" என்றாள்.

தாளில் அப்படியே எழுதியாகிவிட்டது. தெருமுனைக் கடைதான், மெயின் ரோடு தாண்டவேண்டாம். திங்கட்கிழமை தொடங்குகிறோம், இதிலும் கடைசிப் படிதான் முதலில். இருவரும் சேர்ந்து போய் வாங்கியதும், நான் கடையிலேயே நிற்கவேண்டும், அவள் மட்டும் தனியாக வீடு திரும்பவேண்டும். நிற்பேன், கஸ்தூரி. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்பேன். உன்மேல் சத்தியமாகப் பின்னால் ஓடமாட்டேன்.

இப்படிக்கு,
'அப்பா வாணாம்' என்று மகளே சொல்லிவிட்ட அப்பன்,
உன் வீட்டுக்காரன்.