நெட் வராத சனிக்கிழமைகள்

அக்கா,

நேற்று மாமா உன் லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். "வூட்ல சும்மா கீது டீச்சரம்மா, நீயாவது வச்சிக்க" என்று சொல்லிவிட்டு, போட்ட டீயைக்கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நீ போன பிறகு அதை உன் பட்டுப்புடவைகளோடு வைத்திருந்தாராம். பையின் ஜிப்பை இழுத்ததும் அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. திட்டுவதற்கு நீ எதிரில் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சார்ஜரைச் சொருகி ஆன் செய்தேன். பழைய மிக்சி மாதிரி இரைந்துகொண்டு அது எழுந்தது. திரையின் வலது மூலையில் இரண்டு குட்டி கம்ப்யூட்டர் படம், அதன்மேல் நெட் இல்லை என்று சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. என் விரல் தானாகப் போய் முன் விளிம்பில் இருக்கும் வயர்லெஸ் சுவிட்சைத் தள்ளிப் பார்த்தது. எத்தனை சனிக்கிழமை அந்த சுவிட்சைத் தள்ளியிருப்பேன்! அத்தனை சனிக்கிழமைக்கும் நீ எனக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அது உன் வீட்டுக்கு வந்தபோதே கிழடு. மகாபலிபுரத்தில் ஏதோ ஒரு ரிசார்ட் ஆபீசில் கழித்துக்கட்டியதை மாமா வாங்கி வந்தார். மாமாவுக்கு டூரிஸ்ட் வண்டி ஓட்டும் தொழில். ரிசார்ட் வாசலில் வெயிலில் நின்று சவாரி பிடித்துக்கொண்டிருந்த மனுஷனிடம், வெளிநாட்டுக்காரர்கள் அவர்கள் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே ஈமெயிலில் பிடித்துவிடலாம் என்று சொன்னவள் நீ. இங்கிலீஷில் பி.ஏ. படித்துவிட்டு, கல்யாணமாகித் திருவிடந்தையில் சோறாக்கிக்கொண்டிருந்தவள், சாப்பாட்டு மேஜையில் அந்த லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டாய். ஒரு பக்கம் குழம்பு கொதிக்கும், இன்னொரு பக்கம் ஜெர்மனிக்காரனுக்குப் பதில் போகும். "அவன் இன்னா கேக்கறான் தெரியுமாடி? காஞ்சிபுரம் போற வழியில யானை வருமான்னு கேக்கறான்" என்று போனில் விழுந்து விழுந்து சிரிப்பாய். உனக்கென்று இருந்த வேலை அது ஒன்றுதான். அதைப் பற்றிப் பேசும்போது உன் குரலே வேறு மாதிரி இருக்கும்.

ஒயரே இல்லாமல் நெட் வரும் என்று புது மோடம் வைத்த பிறகுதான் வினை தொடங்கியது. முதல் மோடம் ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. கடல் உப்பில் சொருகும் இடமெல்லாம் பச்சை பூத்துச் செத்துப்போனது. இரண்டாவது வந்த நாளிலிருந்து நெட் உன் லேப்டாப்பில் நிலைத்து நிற்கவே இல்லை. காலையில் கொஞ்ச நேரம் வரும், பட்டென்று போகும். சில நாள் சாயங்காலம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். "சிக்னல்ல ஒரு கோடு காட்டுதுடி, அப்பறம் அதுவும் பூடுது. வந்து இன்னான்னு பாரு" என்றாய். நான் செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவள். நம் சொந்தத்தில் யார் வீட்டு டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் எனக்குத்தான் போன் வரும். கூடப் பிறந்தவள் கூப்பிட்டால் சும்மா இருப்பேனா? சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறி, திருப்போரூரில் மாறி, வேர்த்து விறுவிறுத்து உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன்.

இந்த மாதிரிக் கோளாறுக்கு முதலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு ஒயரை எடுத்து லேப்டாப்பை நேராக மோடத்தில் சொருகிப் பார்க்க வேண்டும். ஒயரில் நெட் வந்தால் லைன் சரி, இடையில் சிக்னலுக்குத்தான் ஏதோ கேடு. அதற்காகவே ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். மோடம் எங்கே என்று கேட்டால், "ரூம்ல கீது. மாமா நைட்டு ஏர்போர்ட் டிரிப்பு முடிச்சிட்டு இப்பதான் படுத்தாரு, கதவத் தட்டாத" என்பாய். லைட்டெல்லாம் எரிகிறதா என்றால், "எல்லாம் பச்சையா எரியுது" என்பாய். சொன்னது அத்தனையும் உண்மை. பொய்யே சொல்லாமல் ஒரு ஆளைச் சுற்றலில் விடுவதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது.

ரூமுக்குள் போக முடியாததால் அந்தக் கிழட்டு லேப்டாப்பைப் போட்டு உலுக்கினேன். வயர்லெஸ்ஸை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு சிடியிலிருந்து மறுபடி ஏற்றினேன். பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக வயர்லெஸ்ஸை அதுவாகவே அணைத்துவிடும் ஒரு வசதி உண்டு, அதை நிறுத்தினேன். பாஸ்வேர்டை அழித்துத் திரும்ப அடித்தேன். ஒரு வாரம் அடிமூடியையே கழற்றி, உள்ளே இருந்த குட்டி வயர்லெஸ் கார்டை எடுத்து, உப்புப் படிந்திருக்குமோ என்று அதன் கால்களை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். நீ பக்கத்தில் நின்று மோர் கலக்கிக்கொண்டே, "பாவம், பழைய சாமான், அது இன்னா பண்ணும்" என்று லேப்டாப்பின் மேல் பழி போட எனக்கு ஒத்து ஊதிக்கொண்டிருந்தாய். நானும் தலையை ஆட்டினேன்.

அதற்குள் மாமாவுக்கு வெறுத்துவிட்டது. மெயிலுக்கு அன்றைக்குள் பதில் போகாவிட்டால் அந்த ஆள் வேறு வண்டி பார்த்துக்கொள்வான். அப்படிச் சவாரிகள் கைநழுவிக்கொண்டே போயின. ஒரு சனிக்கிழமை லுங்கியோடு தூக்கக் கலக்கத்தில் வெளியே வந்து, "பேஜாரு புடிச்ச நெட்டு. அடுத்த மாசத்தோட வெட்டி வுட்டுடலாம். நான் பழையபடி ரிசார்ட் வாசல்ல நின்னுக்கறேன்" என்றார். உன் வேலை போகிறது அக்கா. உனக்கென்று இருந்த அந்த ஒரே வேலை. நீ அவர் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஒங்க இஷ்டம்" என்றாய். நான் ஒயரைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் ஏதோ கல்யாணப் பார்ட்டியை ஏற்ற வேண்டுமென்று மாமா மத்தியானமே எழுந்துவிட்டார். ரூமுக்குள் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் மேஜையில் டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரையில் சிவப்புக் குறி காணாமல் போனது. சிக்னல் கோடுகள் மொத்தமும் பச்சையாக நின்றன. "அக்கா, வந்துடுச்சு!" என்று கத்தினேன். உள்ளே பீரோ கதவு டங்கென்று மூடியது. கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்காமல் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாய், என்றைக்கும் இல்லாத அக்கறையோடு. உனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நேராக ரூமுக்குள் போனேன். மாமா சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். பீரோவைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். கீழ்த்தட்டில், உன் கல்யாணப் பட்டுக்குப் பக்கத்தில், மோடம் ஜம்மென்று உட்கார்ந்து பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு ஒயரை உள்ளே இழுத்திருந்தார்கள்.

கடலோரம் குடியிருக்காதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். உங்கள் ஊரில் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டிவிக்குப் பிளாஸ்டிக் உறை, இரும்பு கேட்டுக்கு வருஷா வருஷம் பெயிண்ட். மாமா விளக்கம் சொன்னார்: "இந்த உப்புக் காத்து டிவிய தின்னுச்சு, மிக்சிய தின்னுச்சு, மொத மோடத்தையும் தின்னுச்சு. இந்த வூட்ல துரு ஏறாத ஒரே சாமான் ஒங்க நைனா சீர் குடுத்த பீரோதான் டீச்சரம்மா. அதான் உள்ள வச்சேன்."

"இரும்புக்குள்ள பூட்டி வச்சா சிக்னல் எப்டி மாமா வெளிய வரும்?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். என்னை வெளியே போய்க் கோட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து திறந்து மூடினார். "கீதா? பூடுச்சா? இப்ப கீதா?" என்று உள்ளிருந்தே கத்திக் கேட்டார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அடச்சே! மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்து வெளிய வச்சிருப்பனே!" என்றார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் காற்றுப் போக ஓட்டை போட்டு, அதற்குள் மோடத்தை வைத்து, அலமாரி மேல் தூக்கி வைத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டே வண்டி எடுக்கப் போனார். மொத்த வேலையும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சண்டையும் வரவில்லை, அவர் முகமும் கோணவில்லை.

அன்று பஸ் ஸ்டாப்பில் உன்னை நான் வாங்கு வாங்கென்று வாங்கியது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. நீ செருப்பால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றாய். "பீரோ தொறந்தா வருது, மூடினா போவுதுன்னு தெரியும்டி. அத்தினி ஆசையா ஓட்ட போட்டு வச்சாரு. வர்றவங்க போறவங்ககிட்டலாம் மாமனார் குடுத்த பீரோன்னு காட்டிகினு இருந்தாரு. அதப் போய் தப்புன்னு சொன்னா மூஞ்சி சுருங்கிடும்" என்றாய். அவர் முகம் சுருங்கினால் இஸ்திரி போட்டுக்கொள்ளட்டும், உன் வேலை போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். "போவல இல்ல, வுடு" என்றாய். பஸ் வந்தது. நான் டாட்டா காட்டாமல் ஏறினேன்.

அதற்குப் பிறகு நெட் நன்றாக வந்தது, மாமாவின் வண்டியும் நிற்க நேரமில்லாமல் ஓடியது. எல்லாம் நீ பிடித்துக் கொடுத்த டிரிப். அந்த நாட்களிலேயே உன் மார்பில் கட்டி இருந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கடைசிவரை நீ யாருக்கும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஏன் இப்படி இளைத்துப்போனாய் என்று கேட்டேன், சீசன் டைம் என்றாய். ஏன் கையைத் தூக்கச் சிரமப்படுகிறாய் என்றேன், கொடியில் துணி காயப்போட்டபோது பிடித்துக்கொண்டது என்றாய். தீபாவளிக்குத் துணியெடுக்கச் செங்கல்பட்டுக்கு வந்தாயே, பெரியாஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தானே ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்தாய்? ஆட்டோவை அங்கே நிறுத்தச் சொல்ல உனக்கு வாய் இல்லையா? என் வீட்டில் உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டாய், என் பிள்ளைக்குச் சட்டை அளவு சரியா என்று போட்டுப் பார்த்தாய், போய்விட்டாய். மாமாவின் டிரிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தாயாம். வலி தாங்க முடியாமல் நீ வாயைத் திறந்தபோது, டாக்டர்கள் செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை.

அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் மாமா கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், "வண்டி வாசல்லயேதான நின்னுகினு இருந்துச்சு, டீச்சரம்மா" என்றார். ஊர் பேர் தெரியாதவர்களையெல்லாம் ராத்திரி பகல் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு போன மனுஷன். உன்னை ஏற்றி வந்திருக்க மாட்டாரா? அவர் முகம் சுருங்கக் கூடாது என்றுதானே இவ்வளவும் செய்தாய். வந்து பார், இப்போது எப்படி இருக்கிறது என்று.

காரியத்துக்கு வந்தவர்கள் உன்னை மெச்சினார்கள். அவ்வளவு வலியிலும் வாயைத் திறக்காத பொண்ணு, பூமாதேவி மாதிரி பொறுமை என்றார்கள். எனக்கு அந்தப் பந்தியிலேயே இலையைத் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது. நான் முன்கூட்டியே கவனித்திருக்கலாமே என்று ஒரு அத்தை என்னையும் இழுத்தாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்டேன், கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். நீ சொல்லவில்லை. தப்பு உன்னுடையது அக்கா. செத்துப்போனாய் என்பதற்காக அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

போன ஆடியில் குளித்துக்கொண்டிருக்கும்போது என் மார்பிலும் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. ஈரத் தலையோடு வெளியே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பாதி முகம் சோப்பு நுரையோடு அப்படியே நின்றார். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சென்டரில் சொல்லி லீவு கேட்டேன், எதற்கு என்றும் சொன்னேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த, பெயர்கூடத் தெரியாத அம்மாவிடமும் சொன்னேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவாது கண்ணு, போய்க் காட்டு" என்றது. பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்கி வரிசையில் நின்றேன். டாக்டரம்மா அழுத்திப் பார்த்து, ஸ்கேன் எடுக்கச் சொல்லி, அது வெறும் கொழுப்புக் கட்டி என்று சொன்னார். "இதுக்கா இப்படிப் பதறினீங்க?" என்று கேட்டார். "ஆமாம் மேடம், இதுக்குத்தான்" என்றேன்.

வாசலில் ஒரு டீ குடித்துவிட்டு மத்தியான வகுப்புக்குப் போய்விட்டேன். ஒரு காலை நேரம் அக்கா, எனக்கு ஆனது அவ்வளவுதான். அந்த ஒரு காலையை நீ உனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லையே என்று நினைக்க நினைக்க, போர்டில் எழுதிய வரியையே மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். போனவள்மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது, ஆற்றிக்கொள் என்று அம்மாகூடச் சொல்கிறாள். நான் ஆற்றிக்கொள்ளப் போவதில்லை. அன்று காலையில் என் கையைப் பிடித்துத் தரதரவென்று அந்த வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனது அந்தக் கோபம்தான்.