முன்தேதியிட்ட மசோதா

பிராயர் க்ரீக், மேற்கு வர்ஜீனியா
அக்டோபர் 14

அன்புள்ள தம்பி கிளென்,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரிக்காக வாஷிங்டன் வந்த எங்கள் ஊர்க்கூட்டம் முழுக்க, பஸ்ஸில் வழிநெடுக உன் பேச்சுத்தான். செனட்டர்களின் வாசலில் நின்று மசோதாவுக்கு ஆள் பிடிக்கிற வேலை என்று நீ சொல்லும்போது, ஏதோ தரகு வேலை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தப் பளிங்கு நடைகளில் காவல்காரர் முதல் காப்பி விற்பவர் வரை உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

ஆனாலும் ஒரு குறை. எங்கள் கழுத்தில் பச்சைத் துண்டைக் கட்டிவிட்டு, செனட்டர்கள் குழுவின் முன் மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும் என்று பாடாய்ப் படுத்தினாயே, அதுதான். உன் அத்தான் ஓரினின் சிறுநீரகம் கெட்டுப்போன கதையை மூன்று நிமிடத்தில் எப்படியடா சொல்வது? ஓரின் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். "கல்யாணம் ஆன நாள்லேந்து என்னால ஒன் வாய நிறுத்த முடியல. ஒன் தம்பி மூணு நிமிஷத்துல நிறுத்திட்டானா? அவன செனட்டராவே ஆக்கிப்புடலாம்!"

சிரிப்பெல்லாம் சிரிப்புத்தான். சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு அரசாங்கம் தரும் கூடுதல் பணம் டிசம்பரோடு முடிகிறது. அதை நீட்டிக்காவிட்டால் எங்கள் ஆஸ்பத்திரி இருக்காது, அவருக்கு டயாலிசிஸும் இருக்காது. நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்.

உன் அக்கா
வெர்னா

*

வாஷிங்டன்
நவம்பர் 16

அன்புள்ள அக்கா,

நீ பேசியது வீண் போகவில்லை. குழுத் தலைவரின் உதவியாளர் நடையில் என்னை நிறுத்தி, "அந்த அம்மா யாருங்க? ராத்திரி வீட்டுக்குப் போயும் அவங்க சொன்னதுதான் மனசுல ஓடுது" என்றாள். என் அக்கா என்று சொல்லவில்லை. எங்கள் தொழிலில் சொல்லக்கூடாது.

இப்போது என் கையில் இரண்டு காரியங்கள். ஒன்று உங்கள் ஆஸ்பத்திரிகளின் நீட்டிப்பு. மற்றது வங்கிகள் சங்கத்துக்காக, கடன் விதிகளைத் தளர்த்தும் ஒரு பிரிவு. ஆண்டுக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பெரிய மசோதாவில் மூட்டையாகக் கட்டுவார்கள். மூட்டைக்குள் நுழைந்துவிட்டால் கவலையில்லை. நன்றி நவிலல் விருந்துக்கு வர முடியாது, கோபிக்காதே. வான்கோழியில் என் பங்கையும் அத்தானே சாப்பிடட்டும்.

உன் தம்பி
கிளென்

*

பிராயர் க்ரீக்
டிசம்பர் 3

அன்புள்ள தம்பி,

உன் அத்தானுக்கு உப்பே ஆகாது என்று நான் தலையில் அடித்துக்கொள்கிறேன், நீ வான்கோழியை எழுதி அனுப்புகிறாய். அந்த ஒரு வரியைக் காட்டி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். "வாஷிங்டன் உத்தரவு, மீறக்கூடாது" என்றார். அன்று சாயங்காலமே கால் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் இருந்ததால் பிழைத்தோம்.

அதை நடத்தும் திருமதி டாலிவரைக் கடையில் பார்த்தேன். முகமே சரியில்லை. "வெர்னா, புது வருஷம் பொறந்தா நர்சுங்களுக்கு சம்பளம் போட வழியில்ல. ஒந்தம்பிகிட்ட சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். உன் எழுத்து கோணிக்கொண்டு போகிறது, தூங்குவதில்லை போலிருக்கிறது.

உன் அக்கா
வெர்னா

*

வாஷிங்டன்
டிசம்பர் 21

அன்புள்ள அக்கா,

செய்தித்தாளில் பார்த்துப் பதறியிருப்பாய். பதறாதே, பொறுமையாகப் படி.

மூட்டை பெருத்துவிட்டது, நான் கொண்டுவந்ததில் ஒன்றை இறக்க வேண்டும் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரி நீட்டிப்பை இறக்கினேன். வேண்டுமென்றுதான் இறக்கினேன், ஏன் என்று கேள். வங்கிகளின் பிரிவு இந்த முறை தவறினால் தவறியதுதான். ஆனால் உங்கள் நீட்டிப்பு எத்தனை முறை காலாவதியானாலும் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பி வரும். அதுவும் முன்தேதியிட்டு, ஜனவரி ஒன்று முதல் செல்லும் என்று போட்டு வரும். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்துப் பணம் கிடைக்கும். இங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்கள் யாரும் இதற்காகக் கலங்குவதில்லை.

அதுவரைக்கும் வங்கியில் ஒரு சின்னக் கடன் வாங்கி ஓட்டும்படி திருமதி டாலிவரிடம் சொல். அத்தானுக்கு என் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

உன் தம்பி
கிளென்

*

பிராயர் க்ரீக்
ஜனவரி 27

அன்புள்ள தம்பி,

ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். டாலிவர் வங்கிக்குப் போய்க் கேட்டாள். வரப்போகிற சட்டத்தை நம்பிக் கடன் தர முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். உன் சங்கத்தில் அந்த வங்கியும் உண்டோ என்னவோ. நர்சுகளில் பாதிப் பேர் ஒஹையோவுக்குப் போய்விட்டார்கள்.

இப்போது மலைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். வாரத்தில் மூன்று நாள் இருட்டில் கிளம்பி, அவரைப் போர்வையில் சுற்றி உட்காரவைத்து, நான் வண்டி ஓட்டுகிறேன். பனி பெய்தால் கணவாயை மூடிவிடுவார்கள். போன வாரம் பாதி வழியில் திரும்பி வந்தோம்.

நீ எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப நானும் விட்டுப்போன நாளுக்கெல்லாம் மார்ச்சுல மொத்தமா சேத்து சுத்தம் பண்ணிக்கிறேன். ஜனவரிலேந்து செல்லும்னு டாக்டர எழுதச் சொல்லு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளென், நான் உன்னிடம் எதையும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன். சீக்கிரம் ஏதாவது செய்.

உன் அக்கா
வெர்னா

*

வாஷிங்டன்
பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

செனட்டர்கள் விடுமுறையில் ஊருக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் வந்ததும் முதல் வேலை இதுதான். மார்ச்சில் உறுதி. இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்குக் கட்டாயம் வருகிறேன்.

உன் தம்பி
கிளென்

*

வாஷிங்டன்
மார்ச் 13

அன்புள்ள அக்கா,

ஜெயித்துவிட்டோம்! நேற்று மாலை செனட்டில் நிறைவேறியது. நான் சொன்னபடியே, ஒரு நாள்கூட விட்டுப்போகாமல் ஜனவரி ஒன்று முதல் செல்லும். நடுவில் நின்றதே இல்லை என்பது போல! எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது.

ஊரில் வேறு யாரும் சொல்லுவதற்கு முன்னால் நீயே போய் அத்தானிடம் சொல்லிவிடு. அவர் என்ன கிண்டல் செய்தார் என்று எழுது.

உன் தம்பி
கிளென்

*

பிராயர் க்ரீக்
மார்ச் 19

கிளென்,

உன் அத்தான் மார்ச் எட்டாம் தேதி இறந்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் கணவாய் மூடியிருந்தது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அதுவும் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். பனி வாரும் வண்டியின் பின்னால் ஊர்ந்து அது வந்து சேரும்போது அவர் என் மடியில் போய்விட்டிருந்தார். கடைசிவரை நினைவு இருந்தது. "வழுக்கும், நீ வண்டிய எடுக்காத" என்று என்னைத் தடுத்துக்கொண்டே இருந்தார்.

உன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "அவரு செனட்டுல இருக்காரும்மா. மசோதா முடியறவரைக்கும் எந்தப் போனையும் குடுக்காதன்னுட்டாரு. ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள். என்ன சொல்வது? நீ அவருக்காகத்தான் அங்கே நிற்கிறாய் என்று தெரியும். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ இல்லாமலே அடக்கம் செய்தோம்.

டாலிவர் வந்திருந்தாள். பார்த்த நோயாளிக்குத்தான் பணம் வருமாம். பூட்டிக் கிடந்த நாட்களில் யாரைப் பார்த்தாள், பாவம்? முன்தேதியிட்டும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒன்றுமில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் வருமா என்று பார்த்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நாலு வார்த்தை திட்டிவிட்டுப் பிறகு உன்னைக் கூப்பிட்டு அழுதிருப்பேன். நீ யாரையும் ஏமாற்றவில்லை. சொன்னதையெல்லாம் செய்து முடித்தாய். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று உன்னிடம் கேட்டார்கள். எங்களைக் காட்டி, இவர்கள் காத்திருப்பார்கள் என்றாய். அதை என்னால் தாங்க முடியவில்லை. ஈஸ்டருக்கு வராதே. கடிதமும் போடாதே.

அத்தானிடம் சொல்லச் சொன்னாய். நேற்று பனியில் கல்லறைக்கு ஏறிப் போய், உன் கடிதத்தை அவர் தலைமாட்டில் உட்கார்ந்து முழுவதும் படித்துக் காட்டினேன்.

வெர்னா